ஜப்பானில் குடியேறிய முதல் 14 நாள்: நகர அலுவலகத்தில் என்ன வேலை?

நரிதாவிலோ ஹனேடாவிலோ இறங்கியதும், மூன்று மாதத்துக்கு மேல் தங்க விசா உள்ளவர்களுக்கு ஒரு அட்டை தருவார்கள். அதன் பெயர் ஸைர்யூ கார்டு. 16 வயது நிரம்பியவர்கள் அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். பால் வாங்கக் கீழே இறங்கினாலும்தான். வந்த அன்று அந்த அட்டையில் முகவரி இருக்காது. அதைப் பதிவதுதான் முதல் வேலை.

வீடு அமைந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், அந்தப் பகுதியின் நகர அலுவலகத்துக்குப் போக வேண்டும். டோக்கியோவின் 23 வட்டாரங்களில் அதற்குக் குயாக்குஷோ என்று பெயர், மற்ற நகரங்களில் பெரும்பாலும் ஷியாக்குஷோ. பாஸ்போர்ட்டும் அட்டையும் கொடுத்தால், அட்டையின் பின்பக்கம் முகவரியைப் பதிந்து தருவார்கள். குடும்பத்தோடு வந்திருந்தால் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஜப்பானிய மொழிபெயர்ப்போடு கேட்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே அசலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் கடந்தும் தக்க காரணமின்றிப் பதியாமல் இருந்தால் தங்கும் உரிமையையே ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட் எடுத்திருப்போம். அட்டையில் அது அப்படியே வரும். ஆனால் வங்கியிலும் ஓய்வூதிய அலுவலகத்திலும் கத்தகனா என்ற ஜப்பானிய எழுத்தில் பெயர் கேட்பார்கள். ஓரிடத்தில் 'முருகன்', இன்னோரிடத்தில் 'முருகான்' என்று எழுதிவிட்டால், பின்னால் பணம் வர வேண்டிய நேரத்தில் சிக்கும். முதல் நாளே ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து, எங்கே போனாலும் அதையே எழுதுங்கள்.

முகவரி பதிந்ததும் ஜூமின்ஹ்யோ என்ற குடியிருப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிடும். மை நம்பர் எனப்படும் 12 இலக்க அடையாள எண்ணும் அதன் வழியாகத்தான் வரும். அப்புறம் அதே கட்டடத்தில் பக்கத்துக் கவுண்டர்: மருத்துவக் காப்பீடு.

கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கம்பெனியே ஷக்காய் ஹோக்கென் என்ற காப்பீட்டில் சேர்த்துவிடும். தவணையில் பாதி கம்பெனியுடையது. மாணவர்களும் அந்தக் காப்பீடு இல்லாதவர்களும் கொக்குமின் கென்கோ ஹோக்கெனில் தாங்களே சேர வேண்டும், பேச்சுவழக்கில் கொக்குஹோ. 'எனக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்' என்று விடுவதில் லாபமில்லை. தாமதமாகச் சேர்ந்தாலும், தகுதி தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டுத் தவணையைக் கேட்பார்கள். சேர்ந்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவில் பொதுவாக 30 சதவீதம் மட்டுமே நம் கையிலிருந்து போகும். அதற்கும் வருமானத்துக்கேற்ற மாத உச்சவரம்பு உண்டு.

கொக்குஹோ தவணை முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துத்தான் வரும். புதிதாக வந்தவருக்கு ஜப்பானில் அப்படி வருமானம் ஏதுமில்லை என்பதால் முதல் ஆண்டு குறைவாக இருக்கும். இதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அடுத்த ஆண்டு கடிதத்தைப் பிரித்ததும் திகைப்பார்கள். வருமானம் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் தள்ளுபடி கிடைக்கும்.

ஜூமின்செய் என்ற குடியிருப்பு வரியிலும் இதே கதைதான். முந்தைய ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம், ஜனவரி 1 அன்று யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு. ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டு ஜூன் சம்பளத்திலிருந்துதான் பிடித்தம் தொடங்கும். சம்பளம் குறைந்துவிட்டதென்று கம்பெனியோடு சண்டைக்குப் போக வேண்டாம்! ஜனவரியில் ஊர் திரும்பினாலும் அந்த ஆண்டுக்கான வரி உங்கள் தலையில்தான்.

ஓய்வூதியத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 20 முதல் 59 வயது வரை ஜப்பானில் வசிக்கும் எல்லோருக்கும், எந்த நாட்டவராயினும், நென்கின் என்ற ஓய்வூதியத் திட்டம் கட்டாயம். கம்பெனி ஊழியருக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். கட்ட முடியாத மாணவர் சும்மா இருந்துவிடாமல் விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்களுக்கான சிறப்பு விலக்கு எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொருந்தாது. பொருந்தாவிட்டால் குறைந்த வருமானத்துக்கான சாதாரண விலக்கைக் கேளுங்கள். விண்ணப்பிக்காமல் பாக்கி வைத்தால், பின்னாளில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கும்போது அந்த மாதங்கள் எழுந்து நிற்கும்.

இந்தியாவிலிருந்து வருவோருக்கு ஒரு வழி உண்டு. இந்தியா–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியக் கம்பெனி 5 ஆண்டுக்குள் தற்காலிகமாக அனுப்பியிருந்தால், வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி ஜப்பானிய ஓய்வூதியத்திலிருந்து விலகலாம். ஜப்பானியக் கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்தவருக்கு இது கிடையாது.

பிள்ளைகள் ஜப்பானில் கூடவே இருந்தால் அதே அலுவலகத்தில் பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகையையும் கேட்டுவிடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து 3 வயதுக்குள் மாதம் 15,000 யென், அதற்கு மேல் மேல்நிலைப்பள்ளி வயது முடியும்வரை 10,000. மூன்றாவது குழந்தையிலிருந்து 30,000. விண்ணப்பித்த மறுமாதத்திலிருந்துதான் கணக்கு. விட்டுப்போன மாதங்களுக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள்.

ஊர் திரும்புவதானால் கிளம்பும் முன் அதே நகர அலுவலகத்தில் வெளியேறுவதைப் பதிய வேண்டும். 6 மாதமோ அதற்கு மேலோ நென்கின் கட்டி, ஓய்வூதியத்துக்கான 10 ஆண்டுத் தகுதி எட்டாதவர்கள், வெளியேறிய 2 ஆண்டுக்குள் ஒரு தொகையைத் திரும்பக் கேட்கலாம். இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 5 ஆண்டுக்கான தொகை. கம்பெனி ஊழியர் ஓய்வூதியமென்றால் 20.42 சதவீத வரி பிடித்துக்கொள்வார்கள். அந்த வரியைத் திரும்பப் பெற ஜப்பானில் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்துவிட்டு விமானம் ஏறுங்கள். ஆனால் ஒன்று: தொகையை வாங்கிவிட்டால் கட்டிய காலம் முழுவதும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். திரும்பவும் ஜப்பான் வரும் எண்ணம் இருந்தால் அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம்.