மரபணு உட்புகல்: ‘இன்ட்ரோகிரெஷன்’ என்ற சொல்லின் பொருளும் தமிழும்

ஓர் இனத்தின் மரபணு, கலப்பு வழியாக, இன்னோர் இனத்துக்குள் போய்த் தங்குவதை உயிரியலில் இன்ட்ரோகிரெஷன் என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழாக்க உட்கார்ந்தால் ‘ஊடுருவல்’தான் முதலில் கைக்கு வரும். எல்லை தாண்டி வரும் பகைவருக்கும் நாளிதழ்கள் அதே சொல்லைத்தான் எழுதுகின்றன. ஒரு பறவையின் மரபணுவுக்கு அந்தப் பகைமை நிறம் வேண்டாம். ஊடு உருவிப் போவது மறுபக்கம் வெளியேறியும் விடலாம். இங்கே சொல்லப்படும் மரபணுவோ உள்ளே வந்து தங்கிவிடுகிறது. ஆகவே ‘மரபணு உட்புகல்’ என்பதே சரியான சொல்.

மூலச்சொல்லும் அதைத்தான் சொல்கிறது. இலத்தீனில் ‘இன்ட்ரோ’ என்றால் உள்ளே. ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைத்தல். காங்கிரஸ் என்ற பெயரில் இருப்பதும் இதே வேர்தான். அங்கே பொருள் ஒன்றுகூடி வருதல். அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சனும் லெஸ்லி ஹூப்ரிக்ட்டும் டிரடெஸ்கான்ஷியா செடிகளை ஆராய்ந்து 1938-இல் இந்தச் சொல்லை உயிரியலுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் ‘புகல்’ என்பதற்கு நுழைதல், அடைக்கலம் என்ற இரு பொருளும் உண்டு. இரண்டும் இங்கே பொருந்துகின்றன.

பொருள் இதுதான்: ஓர் இனத்தின் மரபணு, கலப்பினக் குஞ்சுகள் வழியாக, இன்னோர் இனத்தின் மரபுத்தொகைக்குள் போய் நிலைபெறுவது. ஒரு தடவை கலந்தால் மட்டும் உட்புகல் ஆகிவிடாது. கலப்புக் குஞ்சு வளர்ந்து பெற்றோர் இனங்களில் ஒன்றோடு மீண்டும் இணைய வேண்டும். இதற்குப் பிற்கலப்பு என்று பெயர். முதல் தலைமுறையில் அயலினப் பங்கு 50%. பிற்கலப்பு தொடரத் தொடர அது 25, 12.5, 6.25, 3.1 என்று பாதி பாதியாகக் குறையும். ஆனாலும் சில மரபணுக்கள் மிஞ்சிப் பரவிவிடும். ஒரே இனத்தின் கூட்டங்களுக்கிடையே நடக்கும் பரிமாற்றத்தை ‘மரபணுப் பாய்வு’ என்று தனியே சொல்வது நல்லது. டெல்டா உழவர்கள் அறிந்த சி.ஆர். 1009 சப் 1 நெல்லில், வெள்ளம் தாங்கும் மரபணுவை மனிதர்கள் திட்டமிட்டுப் பிற்கலப்பால் ஏற்றினார்கள். இயற்கையில் இது தானே நடக்கும்.

அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை உவர்ச்சதுப்புகளில் இருக்கிறது. அங்கே ‘கூர்வால் குருவி’ என்று ஒரே இனமாக எண்ணப்பட்டதை 1995-இல் உவர்ச்சதுப்புக் குருவி, நெல்சன் குருவி என இரண்டாகப் பிரித்தார்கள். (நம் வீட்டுச் சிட்டுக்குருவிக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை.) மெய்ன் முதல் மாசசூசெட்ஸ் வரை சுமார் 200 கிலோமீட்டர் கரையில் இரண்டும் கலந்து வாழ்ந்து இனம் கலக்கின்றன. அங்கே முதல் தலைமுறைக் கலப்புகள் மிகச் சில. கலப்புப் பறவைகளில் பெரும்பாலானவை பிற்கலப்பில் வந்தவை. அதாவது உட்புகல் தலைமுறைகளாக நடந்துவருகிறது.

உவர்ச்சதுப்புக் குருவியின் கூடு உப்புப்புல்லின் அடியில், சேற்றுக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும் பேரோதம் (மிக உயர்ந்த கடலேற்றம்) கூட்டை மூழ்கடிக்கும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு கூட்டைவிட்டு இறங்க ஏறத்தாழ 24 நாள் பிடிக்கும். ஓதம் வடிந்தவுடன் முட்டையிடத் தொடங்கும் பெட்டைக்கே அடுத்த பேரோதத்துக்குள் முடித்துக்கொள்ள வழி உண்டு. கூட்டின் மேல் புல்லை வளைத்துக் கூரை போட்டிருந்தால் மிதக்கும் முட்டைகள் வெளியே அடித்துச் செல்லப்படுவது குறையும். கடல்மட்டம் உயர உயர இரு பேரோதங்களுக்கிடையே கிடைக்கும் இடைவெளி சுருங்குகிறது. 1998 முதல் 2012 வரை இவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 9% வீதம் சரிந்தது. கூட்டம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே வரும் ஒவ்வொரு அயல் மரபணுவின் எடையும் கூடும். அதனால்தான் உட்புகலை அளப்பது பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

அளப்பது எப்படி? சிறகு நரம்பை நுண்ணூசியால் குத்தி, வரும் துளி இரத்தத்தை வடிதாளில் ஒற்றி உலர்த்துவார்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் ஒரு துளியே போதும். 20 கிராம் பறவையிடம் உடல் எடையில் 1%-க்கு மேல், அதாவது 0.2 மில்லிலிட்டருக்கு மேல், எடுக்கக் கூடாது. பிறகு இரு இனங்களையும் பிரித்துக்காட்டும் மரபணுக் குறிகளைப் படித்து, 0 முதல் 1 வரை கலப்புக் குறியெண் போடுவார்கள் (0 என்றால் தூய ஓர் இனம், 1 என்றால் தூய மற்ற இனம்). 0.5 வந்தால் மட்டும் முதல் தலைமுறை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எல்லாக் குறிகளிலும் இரு இனத்தின் வடிவங்களும் சேர்ந்திருந்தால்தான் அது முதல் தலைமுறை. பாதிக் குறிகளில் மட்டும் சேர்ந்திருந்தால் இரண்டாம் தலைமுறையாக இருக்கலாம்.

பிழை நேரும் இடங்கள் மூன்று. இறகு நிறத்தை நம்பினால் பிற்கலப்புப் பறவை தூய இனமாகவே தெரியும். குறிகள் போதாவிட்டாலும் அப்படித்தான்: நான்கு பிற்கலப்பு கண்ட பறவையில் ஒவ்வொரு குறியிலும் அயல் வடிவம் இருக்க வாய்ப்பு பதினாறில் ஒன்று. 12 தனித்தனிக் குறிகள் மட்டும் பார்த்தால் 46% பறவைகளில் ஒன்றுகூடத் தென்படாது. 60 குறிகள் பார்த்தால் அது 2% ஆகும். மூன்றாவது, இரு இனங்களும் பொது மூதாதையிடமிருந்தே பெற்ற வடிவத்தை உட்புகல் என்று எண்ணிவிடுவது. கலப்பு மண்டலத்தை விட்டு விலக விலகக் குறைந்தால் அது உட்புகல். எங்கும் ஒரே அளவில் இருந்தால் மூதாதைச் சொத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே ஒப்பீட்டுப் பறவைகளை மண்டலத்துக்கு வெகு தொலைவிலிருந்தே எடுக்க வேண்டும்.

எல்லா மரபணுவும் ஒரே அளவில் புகுவதில்லை. இந்தக் குருவிகளில் மைட்டோகாண்ட்ரியா (உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டி.என்.ஏ.வும் இசட் குரோமோசோம் மரபணுக்களும் குறைவாகவே எல்லை தாண்டுகின்றன. பறவைகளில் இசட், டபிள்யூ என இருவேறு பால் குரோமோசோம் கொண்டது பெண்; கலப்பில் முதலில் நலிவதும் அதுவே. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் போவதால், பெண் நலிந்தால் அதன் பாதையும் அடைபடுகிறது.

இந்தத் தாய்வழிக் கணக்கு ஃபுளோரிடாவில் வேறுவிதமாகக் குறுக்கிட்டது. கொசு ஒழிப்புக்காகச் சதுப்பில் நீரைத் தேக்கியதாலும் வேறிடங்களில் வடித்ததாலும் கரிய கடலோரக் குருவி அழிந்துகொண்டிருந்தது. கடைசியில் பிடிபட்டவை ஆண்கள் மட்டுமே. மெக்சிகோ வளைகுடாக் கரையின் ஸ்காட் கடலோரக் குருவிப் பெட்டைகளோடு அவற்றைச் சேர்த்து, பிறந்த பெட்டைகளை மீண்டும் அதே ஆண்களோடு பிற்கலப்பு செய்தார்கள். உட்கரு மரபணுவில் அந்த ஆண்களின் பங்கு 87.5% வரை ஏறினாலும் மைட்டோகாண்ட்ரியா முழுக்க ஸ்காட் இனத்ததாகவே இருக்கும். கடைசி ஆண் 1987 ஜூன் 17 அன்று இறந்தது. அதன் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 1989-இல் ஜான் அவிஸும் வில்லியம் நெல்சனும் வெளியிட்ட முடிவு: மைட்டோகாண்ட்ரியா வழியில் அதற்கு நெருக்கமானவை அட்லாண்டிக் கரைக் குருவிகள், வளைகுடாக் கரையினம் தனிக்கிளை. ஒரே தாய்வழிச் சான்றை வைத்து இனம் தீர்மானிப்பது போதாது என்றாலும், துணை தேடும் முன் இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும்.

அங்கே நடந்ததை உட்புகல் என்று எழுதுவதும் தவறு. அது கூண்டுக்குள் நடந்த பிற்கலப்பு மட்டுமே. மரபணு புகுந்து தங்குவதற்குச் சதுப்பில் கரிய கடலோரக் குருவிக் கூட்டமே மிச்சமிருக்கவில்லை.