கரண்டு போய் வந்ததும் பெட்டி காணாமல் போகிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பிற்பகல் மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும். இடி விழுந்தால் கரண்டு போகும், கொஞ்ச நேரத்தில் திரும்பியும் விடும். நெட்வொர்க்கில் இருந்த சின்னச் சின்னப் பெட்டிகள்தாம் திரும்பி வராது. செம்பனைக் குலை எடை போடும் இடத்தில் லோரித் தராசின் எடையை வாங்கி ஆபீஸ் கணினிக்கு அனுப்பும் லினக்ஸ் போர்டு, தண்ணீர்த் தொட்டி பம்பைப் பார்த்துக்கொள்ளும் கருவி, இப்படி. "தம்பி, லைட்டெல்லாம் எரியுது, கணினியில எடை மட்டும் வரமாட்டேங்குது. பிளக்கப் புடுங்கிச் சொருகினா வந்துடுது" என்று தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) போன் செய்வார். போர்டு கெட்டுப்போனது என்று புதிதாக வாங்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். கிராணி சொன்னதிலேயே விடை இருக்கிறது.

கரண்டு வந்ததும் போர்டும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழுகின்றன. போர்டு சில நொடிகளில் தயாராகி, டிஎச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி பங்கிடும் முறை) வழியாகத் தன் நெட்வொர்க் முகவரியைக் கேட்கிறது. ரவுட்டருக்கோ ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். பிஸிபாக்ஸ் என்ற சின்னக் கட்டளைத் தொகுப்பு வைத்த போர்டுகளில் முகவரி கேட்கும் வேலையை யுடிஎச்சிபிசி என்ற நிரல் செய்கிறது. நெட்வொர்க் இணைப்பை எழுப்பும் இஃப்அப் கட்டளை அதை வழக்கமாக '-என்' என்ற விருப்பத்தோடு அழைக்கும். மூன்று நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்டுப் பார். பதில் இல்லையென்றால் விட்டுவிட்டுப் போ என்று அதற்குப் பொருள். அது விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதன்பின் யாரும் கேட்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சொருகும்போது ரவுட்டர் ஏற்கெனவே விழித்திருப்பதால் எல்லாம் சரியாகிறது.

'-பி' என்று மாற்றினால் பின்னணியில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அதே இடியில் ரவுட்டரே எரிந்துபோனால்? தராசுப் போர்டும் ஆபீஸ் கணினியும் ஒரே சுவிட்சில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நிலையான முகவரி (ரவுட்டரிடம் கேட்காமல் கருவியிலேயே எழுதிவைத்தது) இருந்தால் இன்டர்நெட் இல்லாமலே எடை வந்து சேரும், வெளியே லோரிகள் வரிசையில் நிற்க வேண்டாம். இதுபோன்ற இடங்களில் நான் நிலையான முகவரி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கே எழுதுவது? பில்ட்ரூட்டில் கட்டியது போன்ற சின்ன லினக்ஸ் அமைப்புகளில் 'இடிசி' அடைவுக்குள் நெட்வொர்க் அடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில். டிஎச்சிபி என்று இருப்பதை ஸ்டாட்டிக் என்று மாற்றி, முகவரி, நெட்மாஸ்க் (நெட்வொர்க்கின் அளவு), கேட்வே (வெளியே போகும் வழி, அதாவது ரவுட்டரின் முகவரி) மூன்றையும் கொடுத்தால் போதும். எழுதியதும் 'சிங்க்' (எழுதியதைக் கார்டில் பதியச் செய்யும் கட்டளை) கொடுத்துவிட்டு அப்புறம் கரண்டை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எஸ்டி கார்டில் அந்தக் கோப்பு காலியாகக்கூடக் கிடக்கலாம். மூலக் கோப்பு முறைமை படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டு, மேலே ராமில் ஓவர்லே (எழுதுவதைத் தற்காலிகமாகத் தாங்கும் அடுக்கு) போட்ட போர்டு என்றால், நீங்கள் எழுதியது அடுத்த முறை போர்டு எழும்போது சுவடில்லாமல் போகும். அங்கே கார்டில் ஏற்றும் முழு அமைப்பான இமேஜைத்தான் மாற்ற வேண்டும்.

சிலர், லினக்ஸுக்கு முன் ஓடி அதை ஏற்றிவிடும் யூ-பூட்டில் 'ஐபிஅட்ர்' என்ற மாறியைப் பார்த்து, அதில் எண்ணைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது யூ-பூட் தனக்காக, நெட்வொர்க் வழியே கெர்னலை (லினக்ஸின் கருவை) இறக்கிக்கொள்ள வைத்திருப்பது. லினக்ஸ் அதை எட்டிக்கூடப் பார்க்காது.

கெர்னலிடமே சொல்ல வேண்டுமானால் பூட் வரியில் (எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரி) 'ஐபி=' என்று எழுத வேண்டும். போர்டின் முகவரி, சர்வர், கேட்வே, நெட்மாஸ்க், போர்டின் பெயர், இடைமுகம், தானியங்கி முறை என்ற வரிசையில், நடுவே முக்காற்புள்ளி (:) வைத்து. சர்வர் தேவையில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். இரண்டு முக்காற்புள்ளி சேர்ந்து வரும். அதில் ஒன்றை மறந்தால் கேட்வே போய் சர்வர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தானியங்கி முறைக்கு 'ஆஃப்'. கெர்னலைக் கட்டும்போது ஐபி பிஎன்பி வசதியைச் சேர்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வரியால் பயனில்லை. இந்த வழி, மூலக் கோப்பு முறைமையையே என்எஃப்எஸ் மூலம் வேறொரு கணினியிலிருந்து எடுக்கும் போர்டுகளுக்கு வந்தது. தராசுக்கு நான் இதை விரும்புவதில்லை. கேபிள் கழன்றிருந்தாலோ சுவிட்ச் எரிந்திருந்தாலோ, இணைப்பு வரும் வரை கெர்னல் 2 நிமிடம் வரை அப்படியே காத்திருக்கும். அதுவரை தராசின் திரையில்கூட ஒன்றும் வராது.

பூட் வரியில் ஒரு முகவரி, இன்டர்ஃபேசஸ் கோப்பில் இன்னொன்று என்று இருப்பதையும் பார்க்கிறேன். ஒரே இடைமுகத்தில் இரண்டும் ஏறிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை சொல்லி இஃப்அப் பாதியில் நின்றுவிடலாம், கேட்வே போடாமலே. முகவரியை முடிவு செய்வது ஒரே ஓர் இடமாக இருக்கட்டும். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க்கை நெட்வொர்க் மேனேஜர் பார்த்துக்கொள்கிறது. டிஎச்சிபிசிடி கோப்பைத் திருத்தச் சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. அந்தக் கோப்பை இப்போது படிக்க ஆளில்லை.

இன்னொரு தொல்லை: ரசீதில் 1970 ஜனவரி 1 என்று தேதி. டிஎச்சிபி இருந்தவரை டிஎன்எஸ் (பெயரை எண்ணாக்கித் தரும் சர்வர்) முகவரியும் கூடவே வந்தது. நிலையான முகவரிக்கு மாறும்போது அதை யாரும் எழுதுவதில்லை. டிஎன்எஸ் இல்லாமல் நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரி கடிகாரம் இல்லாத இதுபோன்ற போர்டு பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் 1970-க்கே போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாது, அதனால் தலைமை அலுவலகத்துக்குத் தரவு ஏறாது. ரெசால்வ் கோப்பில் டிஎன்எஸ் ஒன்றை எழுதிவிடுங்கள்.

எண் தேர்ந்தெடுக்கும்போது ரவுட்டர் பங்கிடும் வரம்புக்கு வெளியே எடுங்கள். வரம்பு 100 முதல் 200 வரை என்றால் 192.168.1.50 நல்லது. அதை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று லினக்ஸ் தானாகச் சோதிக்காது. ஆர்பிங் கட்டளையில் '-டி' போட்டு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒருநாள் இன்டர்நெட்காரர் வந்து ரவுட்டரை மாற்றுவார். புதியது 192.168.0 வரிசையில் இருக்கும். போர்டோ பழைய வரிசையிலேயே நிற்கும், இன்டர்நெட்டுக்காகப் புதிய வரிசைக்கு மாற்றிய ஆபீஸ் கணினிக்கு அது கண்ணில் படாது. இதற்காக நான் எல்லாப் போர்டிலும் 10.77.77.1 போல ரவுட்டர்கள் சாதாரணமாக எடுக்காத வரிசையில் இரண்டாவது முகவரி ஒன்றும் வைப்பேன். இன்டர்ஃபேசஸ் கோப்பில் 'அப்' என்று தொடங்கும் ஒரு வரி போதும். லேப்டாப்பில் 10.77.77.2 போட்டு நேராகக் கேபிளைச் சொருகினால் உள்ளே போய்விடலாம். எண்கள் இரண்டையும் மார்க்கரால் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

ரவுட்டரில் முகவரியை ஒதுக்கி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ரவுட்டர் உயிரோடு இருக்கும்வரை சரி. ஆனால் மலிவுப் போர்டுகள் சிலவற்றில், ரவுட்டர் அடையாளம் காணும் மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) எங்கும் பதிந்திருக்காது. ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக ஒன்றை இட்டுக்கொள்ளும். ஒதுக்கியது யாருக்கோ போகும்.

சோதிக்கும்போது ரீபூட் கட்டளையை நம்பாதீர்கள், ரவுட்டர் அப்போது விழித்தேதான் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்புங்கள். அடுத்து ரவுட்டரை மட்டும் அணைத்துவைத்து ஒருமுறை, போர்டின் கேபிளைக் கழற்றி ஒருமுறை. கேபிளை ஐந்து நிமிடம் கழித்துச் சொருகி, கணினியில் எடை வருகிறதா என்று கிராணியையே பார்க்கச் சொல்லுங்கள்.