செப்சிஸ் அலர்ட்: வாங்கும் முன் எதை எண்ணிப் பார்க்க வேண்டும்?

நோயாளிக்குச் செப்சிஸ் (நோய்த்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றி, உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) வரலாம் என்று கணினித் திரையில் எச்சரிக்கும் மென்பொருளை விற்க வருபவரிடம் துல்லியச் சதவீதத்தை மட்டும் கேட்டுப் பயனில்லை. டாக்டருக்கு அதுவரை தெரியாத எதை அது சொல்கிறது, எவ்வளவு முன்னால் சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் பயன்படுத்திய எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் மாடலையே எடுத்துக்கொள்வோம். நிறுவனம் சொன்ன ஏயூசி (செப்சிஸ் வருபவரையும் வராதவரையும் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்பதற்கான அளவு; 1 என்றால் முழுச் சரி) 0.76 முதல் 0.83 வரை. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் 38,455 அட்மிஷன்களில் சோதித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் வந்ததோ 0.63; குருட்டாம்போக்கில் சொன்னாலே 0.5 வரும். செப்சிஸ் வந்த 2,552 பேரில் 1,709 பேரை அது தவறவிட்டது. அலர்ட் அடித்தது 6,971 பேருக்கு. அதாவது எட்டு அலர்ட்டுக்கு ஒன்றுதான் உண்மை. எல்லாவற்றையும்விட முக்கியமான எண் 183. டாக்டர்கள் நேரத்தோடு ஆன்டிபயாடிக் தொடங்காத நோயாளிகளில் மென்பொருள் காட்டிக்கொடுத்தவர்கள் அவ்வளவு பேர்தான்.

ஆகவே முதல் சில மாதங்கள் அலர்ட்டை யார் திரையிலும் காட்டாமல் பின்னணியில் மட்டும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு அலர்ட்டின் நேரத்தையும் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்த நேரத்தோடும், முதல் ஆன்டிபயாடிக் எழுதிய நேரத்தோடும் ஒப்பிடுங்கள். அவற்றுக்குப் பிறகு அடித்த அலர்ட்டை வெற்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டாக்டர் கண்டுபிடித்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. அலர்ட் வராத கேஸ் ஷீட்டுகளிலும் ஒரு பகுதியைக் குலுக்கலில் எடுத்துப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது தெரியவே தெரியாது. கேஸ் ஷீட்டுகளை இரண்டு டாக்டர்கள் படிக்கட்டும்; அலர்ட் அடித்ததா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

வார்டு வாரியாகப் பிரித்தும் பாருங்கள். செப்சிஸ் உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்து, இல்லாதவர்களில் 10 சதவீதத்துக்குத் தவறாக அடிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கட்டும். நூற்றுக்கு இருபது பேருக்குச் செப்சிஸ் வரும் ஐசியூவில் அதன் அலர்ட்டுகளில் மூன்றில் இரண்டு உண்மையாக இருக்கும். நூற்றுக்கு இரண்டு பேருக்கு மட்டும் வரும் பொது வார்டில் ஏழில் ஒன்றுதான். மென்பொருள் அதேதான், ஆனால் பொது வார்டு நர்ஸ் சில வாரங்களில் அதைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

பெரும்பாலும் கோளாறு கணக்குச் சூத்திரத்தில் இருக்காது, உள்ளே போகும் தரவில் இருக்கும். இரவு 2 மணிக்கு எடுத்த பிபி, டெம்பரேச்சரைத் தாளில் குறித்து 6 மணிக்குக் கணினியில் ஏற்றினால் எச்சரிக்கையும் நான்கு மணி நேரம் பிந்தும். லேப் கிரியேட்டினினை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) மைக்ரோமோலில் அனுப்ப, மென்பொருள் அதை மில்லிகிராமாகப் படித்தால் மதிப்பு 88 மடங்கு எகிறும். டயாலிசிஸ் நோயாளிக்குக் கிரியேட்டினின் எப்போதும் கூடுதல், கர்ப்பிணிக்கு இயல்பிலேயே நாடித்துடிப்பு கூடும். இவர்களைத் தனித்தனியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

டாக்டர் கணினியில் மருந்து எழுதும்போது வரும் மருந்து எச்சரிக்கைகளில் வேறொரு சிக்கல். டாக்டர்கள் 49 முதல் 96 சதவீத எச்சரிக்கைகளைத் தள்ளிவிடுவதாக 2006-ல் வந்த மீளாய்வு ஒன்று சொல்கிறது. ஆனால் தள்ளியதெல்லாம் தப்பில்லை. செயற்கை இதய வால்வு உள்ளவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு ஆஸ்பிரினைத் தெரிந்தேதான் எழுதியிருக்கலாம். எச்சரிக்கையைத் தள்ளும்போது காரணம் கேட்கும் கட்டத்தைத் திறந்து பாருங்கள்: வெறும் புள்ளியும் ‘ஓகே’யுமாக இருந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அலர்ட் பதிவுகள் முழுதாக மருத்துவமனையின் கையில் இருக்க வேண்டும், வெர்ஷன் மாறும்போதெல்லாம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பழைய வெர்ஷனில் எடுத்த எண்கள் புதியதற்குப் பொருந்தாது.