அகலமான கயாக் கவிழாது என்று யார் சொன்னது?

புத்தம்புது கயாக் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) தலைகீழாக மிதக்கிறது. அதன் அடிப்பாகத்தைக் கட்டிப்பிடித்தபடி அதன் சொந்தக்காரர் தண்ணீரில் கிடக்கிறார். புரட்டவும் முடியவில்லை, மேலே ஏறவும் முடியவில்லை. அந்த வழியாக வந்த படகு இழுத்துக் கரை சேர்க்கிறது. கரைக்கு வந்து மூச்சு வாங்கியதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு: "நல்ல அகலமாப் பார்த்துத்தானே வாங்கினேன்!" கடல் கயாக் பயிற்சி தரும் எங்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம். இந்த மாதமும் கேட்டாயிற்று. இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை.

அகலம் கூடினால் ஆட்டம் குறையும் என்பது குளத்தில் உண்மை. அலையில்லாத நீரில் தட்டை அடிப்பாகமுள்ள கயாக்கில் உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். வாங்குகிறவர் மனம் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆனால் கடலில் நீர்மட்டம் தட்டையாக நிற்பதில்லையே! தட்டை அடிப்பாகம் எப்போதும் நீரின் மேற்பரப்போடு ஒட்டி நிற்கத்தான் பார்க்கும். பக்கவாட்டில் அலை வரும்போது மேற்பரப்பே சரிவாகிறது, கயாக்கும் அதே சரிவுக்குச் சாய்கிறது. எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிவாதமாகச் சாயும். அதுவரை அசையாமல் நின்றது ஓர் எல்லையைத் தாண்டியதும் முன்னறிவிப்பு எதுவும் தராமல் ஒரே புரட்டாகப் புரண்டுவிடும். குளத்தில் நிம்மதி தந்த அதே குணம்தான் கடலில் ஆளைக் கவிழ்க்கிறது.

நிலைத்தன்மையில் இரண்டு வகை உண்டு. உட்கார்ந்ததும் தெரிவது முதல்நிலை. சாய்ந்த பிறகு "இதற்குமேல் போகமாட்டேன்" என்று தாங்கிப் பிடிப்பது இரண்டாம் நிலை. கடலுக்கு இரண்டாவதுதான் உயிர். அடிப்பாகம் லேசான 'வி' வடிவிலோ வளைவாகவோ இருந்து, பக்கங்கள் மேலே போகப்போக வெளிப்புறம் விரியும் கயாக்குகளில் இது நன்றாக இருக்கும். முதல் பத்து நிமிடம் அவை ஆடுவதுபோல் தோன்றும். அதற்காகவே வேண்டாம் என்று வைத்துவிட்டு வருகிறார்கள். நெடுந்தூரம் போகும் கடல் கயாக்குகள் 55 முதல் 60 செ.மீ. அகலம்தான். ஆர்க்டிக் கடலில் சீல் வேட்டைக்குப் போன இனுவிட் மக்களின் கயாக்குகளும் ஒல்லியானவையே. கடலைத் தாங்குவது அகலம் மட்டும் என்றால் அவை ஒன்றுகூடக் கரை திரும்பியிருக்காது.

மீன் பிடிக்கவும் ஒல்லிக் கயாக்கே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. தூண்டிலைக் கையாள இரண்டு கையும் வேண்டும், அந்த நேரத்தில் துடுப்பால் சமநிலை பிடிக்க முடியாது. ஆகவே கொஞ்சம் அகலம் தேவைதான். 30 முதல் 34 அங்குலம் (76 முதல் 86 செ.மீ.) போதும். நீளம் 12 முதல் 14 அடி. 10 அடிக் கயாக் திருப்ப லகுவாக இருக்கும், ஆனால் நேராகப் போகாது, எதிர்க்காற்றில் நகரவே நகராது. 36 அங்குலத்துக்கு மேற்பட்டவை பெரும்பாலும் அசையாத நீரில் எழுந்து நின்று தூண்டில் வீசுவதற்கென்று செய்யப்பட்டவை. கடலில் எழுந்து நிற்காதீர்கள். விளம்பரத்தில் நிற்கிறார்கள் என்றால் அந்த நீரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அலை இருக்கிறதா என்று.

கவிழ்ந்த பிறகு என்ன ஆகும் என்பதை எந்தக் கடையிலும் சொல்வதில்லை. நிமிர்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும் கயாக், தலைகீழாகவும் அதே உறுதியோடு நிற்கும். அதைப் புரட்ட எதிர்ப்பக்க விளிம்பு வரை கை எட்ட வேண்டும். 38 அங்குலத்தில் பலருக்கு எட்டாது. அதோடு தூண்டில் தாங்கிகள், மீன்காட்டிக் கருவி, ஐஸ் பெட்டி எல்லாம் கீழே தொங்கிக்கொண்டு தண்ணீரை வாரிப் பிடித்திருக்கும். ஆகவே வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆழமான நீரில், யார் உதவியும் இல்லாமல், இதை நான் புரட்டி மறுபடி ஏற முடியுமா?

பதிலை நீரில் இறங்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். சோதித்துப் பார்க்க அனுமதிக்காத இடத்தில் வாங்காதீர்கள். முதலில் இடுப்பளவு நீர், பிறகு கால் எட்டாத நீர். லைஃப் ஜாக்கெட்டோடு, வழக்கமாக ஏற்றும் சாமான்களின் எடையோடு, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு கவிழ்த்துப் பாருங்கள். பக்கக் கைப்பிடியில் ஒரு பட்டையைக் கட்டி அடிப்பாகத்தின் மேலாக உங்கள் பக்கம் கொண்டுவந்து, இரண்டு முழங்காலையும் விளிம்பில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தால் புரளும். புரண்டதும் அவசரப்பட்டுத் தொங்காதீர்கள். கால்கள் கயாக்குக்கு அடியில் போய்விட்டால் இழுக்க இழுக்க அது உங்கள் மேலேயே மறுபடி கவிழும். முதலில் காலை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நெஞ்சை இருக்கைமேல் ஏற்றி, வயிறு படியக் குறுக்கே படுத்து, மெல்லத் திரும்பி உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். மூன்று முறை தொடர்ந்து முடிந்தால் அந்தக் கயாக் உங்களுக்கானது. முடியாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

இந்த ஒரு காரணத்துக்காகவே கடல் மீன்பிடிப்புக்கு மேல்தளத்திலேயே உட்காரும் சிட்-ஆன்-டாப் வகைதான் என்று தயங்காமல் சொல்வேன். கால்களை உள்ளே நுழைத்து உட்காரும் சிட்-இன்சைட் கயாக் கவிழ்ந்தால் நிரம்பிவிடும், நடுக்கடலில் அதை இறைத்து மீட்க நல்ல பயிற்சி வேண்டும்.

அடுத்தது தாங்கும் எடை. 160 கிலோ என்று ஒட்டியிருந்தால் 160 கிலோ ஏற்றலாம் என்று பொருளல்ல. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறார்கள். அதில் 70 சதவீதம், அதாவது 112 கிலோவை உங்கள் உச்சவரம்பாக வையுங்கள். இப்போது கூட்டுங்கள். ஆள் 78, நனைந்த உடையும் லைஃப் ஜாக்கெட்டும் 4, குடிநீரும் சாப்பாடும் 4, நங்கூரமும் கயிறும் 3, பேட்டரியும் மீன்காட்டியும் 4, தூண்டில்களும் சாமான் பெட்டியும் 6, ஐஸ் நிரப்பிய பெட்டி 10. ஆக மொத்தம் 109. மீனுக்கு மிச்சம் 3 கிலோ! பெடல் வகை என்றால் பெடல் பொறியின் எடை இந்தக் கணக்கில் சேர்ந்ததா என்று கேளுங்கள். சேராவிட்டால் மீன் சிக்குவதற்கு முன்பே வரம்பு தாண்டியாயிற்று.

எடை மிஞ்சியதன் முதல் அறிகுறி, ஸ்கப்பர் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி இருக்கைக்கடியில் தேங்குவது. மேல்தளத்து நீர் வடிவதற்காகத்தான் அந்தத் துளைகளே இருக்கின்றன. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கால் நனைகிறது என்று எல்லாத் துளையையும் அடைப்பான் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். பிறகு ஓர் அலை ஏறி உட்கார்ந்தால் அந்த நீருக்குப் போக வழியில்லை. 10 லிட்டர் என்றால் 10 கிலோ, அதுவும் எந்தப் பக்கம் சாய்கிறீர்களோ அந்தப் பக்கமே ஓடிவரும் 10 கிலோ. தயவுசெய்து அடைப்பானைக் கழற்றுங்கள். கால் நனைந்தால் நனையட்டும். அப்படியும் நீர் நிற்கிறது என்றால் சுமையைக் குறையுங்கள், அல்லது பெரிய கயாக்குக்கு மாறுங்கள்.

இருக்கை உயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயர்த்தும் வசதியுள்ள சட்டக இருக்கை முதுகுக்குச் சுகம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கயாக்கில் மிகக் கனமான பொருள் நீங்கள்தான். உங்களை 10 செ.மீ. தூக்கி வைத்தாலே 32 அங்குலக் கயாக்கின் நடத்தை மாறிவிடும். கடலில் இருக்கை கீழ்நிலையில்தான் இருக்க வேண்டும்.

இடவசதி என்பது எத்தனை பொருள் அடைக்கலாம் என்ற கணக்கல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே, உடம்பைத் திருகாமல், எத்தனை பொருள் கைக்கு எட்டுகிறது என்பதுதான் இடவசதி. பின்பக்கத் திறந்த தளத்தில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் திரும்பி எடுப்பவர்கள்தான் அதிகம் கவிழ்கிறார்கள். கொக்கி, ஈயம், இடுக்கி, கத்தி எல்லாம் இரு கால்களுக்கு நடுவே இருக்கட்டும். கனமானவை அடித்தளத்தில், நடுக்கோட்டில், இருக்கைக்கு நெருக்கமாக. மீனை ஏற்றும்போதும் இதே விதிதான். உங்கள் மூக்கு கயாக்கின் விளிம்பைத் தாண்டக் கூடாது. வலையை நீட்டி மீனை உங்களிடம் கொண்டுவாருங்கள், நீங்கள் மீனிடம் போகாதீர்கள்.

நங்கூரத்தைப் பக்கவாட்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். நீரோட்டத்தில் கயிறு விறைத்தால் அந்த விளிம்பை அப்படியே கீழே இழுத்துவிடும். கயிறு முன்முனையிலோ பின்முனையிலோதான் இழுக்க வேண்டும். உட்கார்ந்தபடியே நங்கூரக் கயிற்றை முனைக்கு நகர்த்த, பக்கவாட்டில் முனைக்கு முனை ஓடும் நங்கூரக் கப்பிக்கயிறு இருக்கிறது, பொருத்திக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் கழலும் முடிச்சும், எட்டும் இடத்தில் கத்தியும் அவசியம்.

லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், ஹேட்ச் என்னும் மூடியுள்ள சாமான் அறைக்குள் அல்ல. 50 நியூட்டன் மிதவைத் திறனுள்ள நுரை வகை, முதுகுப்பகுதி உயரமாக வெட்டியது என்றால் இருக்கையில் இடிக்காது. ஊதிப் பெருக்கும் வகை ஊதிய பிறகு நெஞ்சில் புடைத்துக்கொண்டு மறுபடி ஏறுவதைக் கடினமாக்கும். விசில், நீர்புகா உறையில் போன், கடலில் உதவி கேட்க உதவும் கையடக்க விஎச்எஃப் ரேடியோ எல்லாம் அந்த ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். கயாக்கில் கட்டி வைத்தால், காற்று கயாக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போது ரேடியோவும் அதோடு போய்விடும்.

காற்று கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் நாளில் கரையோரம் கண்ணாடிபோல் தெரியும். அதை நம்பி இறங்காதீர்கள். திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்றாகிவிடும், சாமானோடு துடுப்புப் போடும் வேகமோ மணிக்கு 5 கி.மீ. அளவுதான். அகன்ற, உயர்ந்த கயாக் காற்றையும் அதிகம் வாங்கும். காற்றின் வேகம் 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கி.மீ., தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் புதியவர்கள் அன்று வீட்டிலேயே இருங்கள்.

பழைய கயாக் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரம் பேசும்முன் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்கப்பர் துளைகளின் உள்விளிம்பில் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். துளைக்குள் கம்பி நுழைத்துத் தூக்கும் தள்ளுவண்டியில் வைத்து இழுத்த கயாக்குகளில் அங்கேதான் மயிரிழை விரிசல் விழும். பெரும்பாலான சிட்-ஆன்-டாப் கயாக்குகளின் உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது, முனைக்கு முனை ஒரே வெற்றிடம். அந்த விரிசல் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறும் நீர், கயாக் மந்தமாகத் திரும்பத் தொடங்கும்வரை உங்களுக்குத் தெரியாது. உள்ளே நுரைக்கட்டைகள் அடைத்து வையுங்கள், முழுக்க நிரம்பினாலும் மிதக்கும். கடலில் ஒரு மணிநேரத்துக்கு ஒரு முறை, அலை இல்லாத நேரம் பார்த்து, உடம்பை இலேசாக இருபக்கமும் ஆட்டி உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு உடனே கரைக்குத் திரும்புங்கள். உள்ளே சேர்ந்த நீரை வடிக்கும் திருகு அடைப்பானை நடுக்கடலில் திறந்து பார்க்காதீர்கள்.