ஷ்டுர்ம்கெவேர்: ‘தாக்குதல் துப்பாக்கி’ என்ற சொல் வந்த வழி

ஏ.கே. 47 வகைத் துப்பாக்கியை நம் செய்திகள் ஒரு நாள் ‘எந்திரத் துப்பாக்கி’ என்றும் மறுநாள் ‘தானியங்கித் துப்பாக்கி’ என்றும் எழுதுகின்றன. முதலாவது பிழை, இரண்டாவது போதாது. அது சேர்ந்த வகைக்குத் தனிப்பெயர் உண்டு. தமிழில் அதைத் ‘தாக்குதல் துப்பாக்கி’ என்கிறோம். இந்தத் தொடருக்கு மூலம், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜெர்மனியில் அதிகாரபூர்வப் பெயராக வந்த ‘ஷ்டுர்ம்கெவேர்’ என்ற கூட்டுச்சொல்.

‘ஷ்டுர்ம்’ என்பது ஜெர்மன் மொழியில் புயலையும் குறிக்கும், எதிரியின் நிலை மீது பாய்ந்து அதைக் கைப்பற்றும் தாக்குதலையும் குறிக்கும். ‘கெவேர்’ இன்று நீள்குழல் துப்பாக்கிக்குப் பெயராக இருந்தாலும், ‘தற்காத்தல்’ என்னும் பொருள் கொண்ட வினையின் வழியே பிறந்த சொல். நம் புறத்திணை மரபில் மதிலை வளைத்துத் தாக்குவது உழிஞை, உள்ளிருந்து மதிலைக் காப்பது நொச்சி; அவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியதுபோல் இருக்கிறது இந்தப் பெயர். காற்றையும் வன்செயலையும் ஒருங்கே சுட்டும் ‘சூறை’ என்ற சொல் தமிழில் இருந்தும், அதன் பொருள் கொள்ளையின் பக்கம் சாய்ந்துவிட்டதால் இங்கே பொருந்தாது. ‘தாக்குதல்’ என்பதே சரியான தேர்வு.

ஆனால் பெயர் எதைச் சொன்னாலும், இந்தத் துப்பாக்கியைத் தனி வகையாக்கியது அதன் தோட்டாதான். ஜெர்மன் காலாட்படையின் வழக்கமான மௌசர் துப்பாக்கி 7.92×57 மி.மீ. தோட்டாவைச் சுட்டது. அதன் 12.8 கிராம் குண்டு தொலைதூர இலக்குக்கென அமைந்தது. போர்க்களத்திலோ பெரும்பாலான சண்டைகள் சில நூறு மீட்டருக்குள்ளேயே நடந்தன. அவ்வளவு வலிய தோட்டாவை, கையில் ஏந்திய துப்பாக்கியிலிருந்து தொடர்ச்சியாகச் சுட்டால் உதைப்பில் குறி நிலைக்காது. மறுபக்கம், எந்திரக் கைத்துப்பாக்கிகள் (கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடுபவை) சுட்ட 9 மி.மீ. தோட்டா 200 மீட்டரைத் தாண்டினால் பெரிதும் பயன்படாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தோட்டாவை உருவாக்கும் பணி 1938இல் மாக்டெபுர்க் நகரத்துப் போல்ட்டே நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்நிறுவனம் உருவாக்கிய 7.92×33 மி.மீ. தோட்டாவைப் பழைய தோட்டாவின் அருகில் நிறுத்திப் பார்த்தால் செய்தது என்னவென்று உடனே விளங்கும். அடிப்பகுதியின் அகலம் அதேதான், குண்டின் விட்டமும் அதேதான். வெடிமருந்தை அடக்கிய கூடு மட்டும் 57 மி.மீட்டரிலிருந்து 33 மி.மீட்டராகக் குறுகிவிட்டது. ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 685 மீட்டர் அளவில் பாய்ந்தது. தட்டுப்பாடான பித்தளைக்கு மாற்றாக அரக்குப் பூசிய எஃகினால் கூடு செய்தார்கள். ‘குர்ட்ஸ்பட்ரோன’, அதாவது குறுந்தோட்டா என்ற பெயர் அதற்கு நேர்மையாகப் பொருந்துகிறது.

துப்பாக்கியின் பெயர் அத்தனை நேர்வழியில் வரவில்லை. ஸூல் நகரத்து ஹேனல் நிறுவனத்தில் ஹூகோ ஷ்மைசர் தலைமையில் உருவானதும், அதற்குப் போட்டியாக வால்ட்டர் நிறுவனம் செய்ததும் முதலில் ‘எந்திரக் கார்பைன் 42’ என்றே வழங்கின (கார்பைன் என்பது குறுகிய குழல் கொண்ட துப்பாக்கி). படைக்குள் இன்னொரு புதிய தோட்டாவை நுழைக்க ஹிட்லர் இசையவில்லை. ஆகவே ஹேனல் வடிவத்தை மேம்படுத்தியவர்கள், பழகிய வகை ஆயுதம்போலத் தோன்றும்படி அதற்கு ‘எந்திரக் கைத்துப்பாக்கி 43’ என்று பெயரிட்டுப் பணியைத் தொடர்ந்தார்கள். தோட்டாப் பெட்டியிலும் ‘கைத்துப்பாக்கித் தோட்டா 43’ என்றே அச்சிட்டார்கள். களத்திலிருந்து வந்த பாராட்டுக்குப் பிறகே ஹிட்லரின் மனம் மாறியது. 1944இல் பெயரின் எண் 44 ஆயிற்று. அவ்வாண்டின் இறுதியில் ‘ஷ்டுர்ம்கெவேர் 44’ என்ற பெயர் வந்தது. அதை ஹிட்லரே சூட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஒரே துப்பாக்கி ஈராண்டுக்குள் இத்தனை பெயர் பெற்றதை அறியாதவர்கள், பழைய ஆவணங்களில் இவற்றை வெவ்வேறு ஆயுதங்கள் என்று மயங்குவதுண்டு. மொத்தம் ஏறத்தாழ 4,25,000 துப்பாக்கிகள் உற்பத்தியாயின.

ஒற்றைச் சூடு, தொடர் சூடு என இரு முறையிலும் சுடுதல், தோட்டாக்களை அடுக்கிக் கழற்றி மாட்டும் தோட்டாக்கூடு, நடுத்தர வலிமையுள்ள தோட்டா ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் இன்றைய பொருளில் அது தாக்குதல் துப்பாக்கி. ஜெர்மன் வான்குடைப் படையின் எஃப்.ஜி. 42 முதல் இரண்டையும் பெற்றிருந்தும் பழைய முழுவலிமைத் தோட்டாவைச் சுட்டதால் இவ்வகையில் சேராது. சோவியத் ஒன்றியமும் 1943இலேயே தன் குறுந்தோட்டாவை வகுத்துக்கொண்டது, ஏ.கே. 47 சுடும் 7.62×39 மி.மீ. தோட்டா அதன் வழி வந்ததே. தோற்றத்தை மட்டும் பார்த்து அதை ஜெர்மன் துப்பாக்கியின் நகல் என்பது தவறு: ஷ்டுர்ம்கெவேரின் பூட்டுக்கட்டை (சுடும்போது குழலின் பின்புறத்தை அடைக்கும் உறுப்பு) சாய்ந்து பூட்டும், ஏ.கே.யினுடையது சுழன்று பூட்டும்.

இனித் தமிழ்ச் சொற்கள். ‘துப்பாக்கி’ துருக்கி மொழியிலிருந்து வந்தது. ‘தோட்டா’ உருது வழி வந்தது. இரண்டும் நம் நாவில் ஊறிவிட்டவை, அவற்றை விலக்க வேண்டியதில்லை. துப்பாக்கியைத் ‘துமுக்கி’ என்று எழுதுவோரும் உண்டு. இலங்கைத் தமிழில் தோட்டாவை ‘ரவை’ என்றும் தோட்டாக்கூட்டை ‘ரவைக்கூடு’ என்றும் வழங்குவது அழகான, சுருக்கமான ஆட்சி. 7.92×33 என்ற அந்தக் குறிப்பிட்ட தோட்டாவைக் ‘குறுந்தோட்டா’ எனலாம். அது சேர்ந்த வகை முழுவதற்கும் ‘இடைத்திறன் தோட்டா’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘இடைநிலைத் தோட்டா’ என்றால் எதற்கு இடை என்ற கேள்வி எஞ்சுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் இடத்தில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்துப் படை தன் 1957ஆம் ஆண்டுத் துப்பாக்கியையும் ‘ஷ்டுர்ம்கெவேர் 57’ என்றே அழைத்தது. அது சுட்டதோ 7.5 மி.மீ. முழுவலிமைத் தோட்டா. அங்கே அந்தச் சொல் பெயர் மட்டுமே, வகை அன்று. ஆகவே அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவதுதான் முறை.