ஊரே இருட்டு, கம்பியில் மட்டும் கரண்ட்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போன மின் ஊழியர்களில் நானும் ஒருவன். பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை. சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுத்து ஒதுக்கித்தான் சாலையையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆறாம் நாள். துணைமின் நிலையத்திலிருந்து வரும் ஃபீடர் லைனை நிறுத்தி, லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சையும் திறந்தாயிற்று. கம்பம் ஏறப்போன தம்பியை நிறுத்தி, கம்பியில் கரண்ட் இருந்தால் ஒலி எழுப்பும் டெஸ்டரை நீட்டச் சொன்னேன். எல்லாம் ஆஃப்தானே என்று அவனுக்குச் சலிப்பு. டெஸ்டர் கத்தியது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வீட்டில் ஜெனரேட்டர் சத்தம். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றொன்றை அடுக்களை சாக்கெட்டிலும் செருகியிருந்தார்கள். மெயின் சுவிட்ச் ஆன்; அந்த வழியே கரண்ட் வெளிக் கம்பிக்கும் போகிறது.

டிரான்ஸ்ஃபார்மர் ஒருவழிப் பாதை இல்லை. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 தருகிற அதே பெட்டி, வீட்டுப் பக்கமிருந்து 230 போனால் அதை ஏற்றி மேல் கம்பிக்கு 11,000 ஆகத் தரும். கம்பி பல இடத்தில் அறுந்து கிடந்ததால் அந்தச் சின்ன ஜெனரேட்டருக்கு இழுக்க வேறு லோடும் இல்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கம்பியை எர்த் பண்ணாமல், அதாவது ராடு வைத்துத் தரையோடு இணைக்காமல், நாங்கள் கை வைப்பதில்லை. ஆனால் தரையில் கிடக்கும் கம்பியை ஒதுக்கிவிட்டு மாடு ஓட்டிப் போகிறவரிடம் எர்த் ராடு இருக்காதே. "கரண்ட் போய் ஆறு நாளாச்சு" என்று அவர் நம்புவார். அறுந்த கம்பியை யாரும் தொட வேண்டாம், குச்சியால்கூட. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போலாக இருக்கட்டும். அது இல்லாத வீட்டில், அவசரத்துக்கு மோட்டாரையோ ஃபிரிட்ஜையோ ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகிக்கொள்ளலாம். வீட்டு சாக்கெட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரட்டைப் பிளக் ஒயரில் இன்னொரு வம்பு: ஒரு முனையைப் பிடுங்கினால் கையில் இருக்கும் பித்தளைக் கால்களிலேயே கரண்ட் நிற்கும். பொருத்தமான சுவிட்சோடு சரியாக வயரிங் செய்த இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை கிடையாது.

அந்த வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "தண்ணிக்குத்தானே தம்பி..." என்றார். திட்ட மனசு வரவில்லை. குடத்துக்கு அலைகிற ஊரில் தொட்டி நிறைவது பெரிய காரியம். நாங்கள் கிளம்புகிற அன்று கூப்பிட்டுக் காட்டினார். புது சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதில் சிவப்பு நெயில் பாலிஷில் மேலே 'ஈபி', கீழே 'வாடகை'.