பூட்டு இல்லாத கத்தி: ஹிகோனோகாமி வைத்திருப்பவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் ஆள்காட்டி விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மரச்செதுக்கு வேலை பழகுகிறவர். விரலின் நடுமூட்டில், மேல்பக்கம், கோடு கிழித்தாற்போல ஒரு செ.மீ. வெட்டு. "சின்னக் காயம்தான் டாக்டர், ரெண்டு தையல் போட்டா சரியாயிடும்" என்றார். வெட்டிய கத்தியும் பையில் இருந்தது. ஜப்பானிலிருந்து வரவழைத்த ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி.

எனக்கும் அந்தக் கத்தி மிகவும் பிடிக்கும், என் மேசையிலும் ஒன்று உண்டு. பித்தளைத் தகடு ஒன்றை மடித்துச் செய்த பிடி, ஒரு ரிவிட், ஒரு அலகு. அலகின் அடியில் வால் மாதிரி ஒரு சின்ன நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் 'சிகிரி' என்பார்கள். அவ்வளவுதான் கத்தி. நல்ல ரகங்களில் ஆவோகாமி என்ற கார்பன் எஃகை நடுவில் வைத்து இரு பக்கமும் மென்மையான இரும்பைச் சேர்த்திருப்பார்கள். சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் ஏறிவிடும். ஈரத்தோடு வைத்தால் துருவும் ஏறிவிடும். பித்தளை நாளாக ஆகக் கறுத்து, நம் கைக்குப் பழகிவிடும்.

ஹியோகோ மாகாணத்து மிகி, கொல்லர்களுக்குப் பேர்போன ஊர். 1890களில் இந்தக் கத்தி அங்கே உருவானது. 'ஹிகோ நாட்டுப் பிரபு' என்று பெயருக்கு அர்த்தம். ஹிகோ என்பது இன்றைய குமாமோட்டோவின் பழைய பெயர். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினார்கள். 1960 அக்டோபரில் சோசலிஸ்ட் தலைவர் அசானுமா இனெஜிரோவை மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் குறுவாளால் குத்திக் கொன்றான். அதன்பின் பிள்ளைகளுக்குக் கத்தியே வேண்டாம் என்ற இயக்கம் பரவியது. பென்சில் சீவும் இயந்திரமும் வந்து சேர, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரில் செய்வது மிகியின் நாகாவோ கானேகோமா பட்டறை மட்டும்தான். நாகானோ மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இன்னமும் குழந்தைகள் இதைக் கொண்டு பென்சில் சீவுகிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, விரலுக்கு வருவோம். இந்தக் கத்தியில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. விரித்த அலகு மடங்காமல் நிற்பது சிகிரியின் மேல் உங்கள் கட்டைவிரல் அழுத்தியிருப்பதால்தான். கட்டைவிரல் நகர்ந்த நேரத்தில் அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால், பிடியைச் சுற்றியிருக்கும் விரல்களின் மேல்பக்கம் கூர் வந்து விழும். அங்கே தோலுக்கு அடியிலேயே விரலை நீட்டும் தசைநாண் ஓடுகிறது. இன்னொரு விதமும் உண்டு. நுனியால் குத்தும்போது, கையைத் தடுக்க எதுவும் இல்லாததால் விரல்கள் வழுக்கி அலகின் மேல் போய்விடும். அப்போது உள்பக்கம் வெட்டுப்பட்டு, மடக்கும் தசைநாணும் உணர்வு நரம்பும் சேர்ந்து அறுந்துபோகலாம்.

நடுமூட்டு வெட்டில் ஏமாந்துபோவது சுலபம். முதல் நாள் விரல் ஓரளவு நீளும். காயமும் ஆறிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் விரல் நடுமூட்டில் மடங்கியே நிற்கும், நீட்டவே வராது. அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு. அந்த இளைஞருக்கு நீட்டும் தசைநாணின் நடுப்பட்டை பாதிக்கு மேல் அறுந்திருந்தது. அன்றே தைத்துவிட்டதால் விரல் தப்பியது. ஆனாலும் ஆறு வாரம் விரலை அசையாமல் பிடிக்கும் கட்டையோடு இருந்தார்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்; அதையெல்லாம் கழுவி எடுத்த பிறகுதான் எங்களால் உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்று பார்க்க முடியும். விரல் நுனி மரத்திருந்தாலோ, மடக்கவோ நீட்டவோ தெம்பில்லாமல் போனாலோ, வெட்டு மூட்டின் மேல் இருந்தாலோ, எவ்வளவு சிறிய காயமானாலும் அன்றே காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லுங்கள்.

கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது அவர் ஒரு பென்சில் கேட்டார். கத்தியை விரித்து, கட்டைவிரலைச் சிகிரியில் வைத்து, நிதானமாகச் சீவிக் காட்டினார்.